பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில், செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை முடிந்ததும் பக்கத்து ஊரான ராசாவில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஓடுவேன். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்று அப்போது டிஸ்க் டிஸ்க்காகக் கைமாறிக்கொண்டிருந்தது. வகுப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் காப்பி எடுத்துக் கொடுப்பதில் எனக்கு அத்தனை பெருமை! போர்டிக்சன் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்த என் தோழிக்கும் கொடுத்தேன். "வைரஸ் கிய்ரஸ் இருக்குமாடி?" என்று கேட்டவளைக் கிண்டல்கூடச் செய்தேன்.

அடுத்த வாரம் எங்கள் கம்ப்யூட்டர் ஆசிரியர், ஒரு சீனர், வகுப்பில் எல்லார் முன்னாலும் என் டிஸ்க்கைச் சோதித்தார். வைரஸ்! அந்த டிஸ்க்கை உள்ளே வைத்தபடி கம்ப்யூட்டரைச் சுவிட்ச் போட்டுத் திறந்தால் போதும், உள்ளே குடியேறிவிடுமாம். பிறகு போடுகிற டிஸ்க்கில் எல்லாம் தொற்றிக்கொள்ளுமாம். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. வருடத்தில் ஒரே ஒரு தேதியில், அதாவது மறுநாள், அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும் என்றார்.

நீல ஐசி என்கிற குடியுரிமை அடையாள அட்டை கிடைக்காமல் வருடக்கணக்கில் அலைந்த எஸ்டேட் குடும்பங்களின் விவரங்களை என் தோழி வீடு வீடாகப் போய்க் கேட்டு, அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஏற்றி வைத்திருந்தாள். உடனே ஆபீசுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது; பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். லாரி, பஸ் என்று ஒன்றையும் விடாமல் முந்திக்கொண்டு பறந்தேன். ஆபீஸ் வாசலிலேயே, "சுவிட்சைப் போடாதே!" என்று கத்தினேன்.

உள்ளே பார்த்தால், கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம்!

"என்னடி, பேய் அடிச்ச மாதிரி வர்றே? இன்னைக்கு ஆயுத பூஜைலா! யாரு மிஷினைத் தொடுவா?" என்று சிரித்தபடி என் கையில் சுண்டலைத் திணித்தாள் தோழி.

தொழிற்சாலை ஹாஸ்டலில் கிடந்த எனக்குப் பூஜையே மறந்துபோயிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூடவே ஒரு கள்ள யோசனையும் வந்தது. இந்த நாள் கழிந்துவிட்டால் ஆபத்து இல்லை. கத்தியதற்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு, பிறகு நைசாகச் சுத்தம் செய்துவிடலாமே! அவள் முகத்தைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "ஐயோ, அதைப் பக்கத்து எஸ்டேட் கிராணிக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேனே! அங்கே சாயங்காலம்தான் பூஜை, இப்ப வேலை நடக்கும்!"

பாய்ந்து போனை எடுத்தாள். நல்லவேளை, அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; சுவிட்சை இன்னும் போடவில்லை. போனை வைத்த பிறகு அவள் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதுவும் எனக்கு இனிமையாகவே இருந்தது.

அன்று வாயை மூடிக்கொண்டு சுண்டலைத் தின்றுவிட்டு வந்திருந்தால், எங்கோ ஒருவருடைய உழைப்பு என்னால் அழிந்ததுகூட எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.