அப்பா வைத்த பரீட்சை

நான்காம் வகுப்பு வரை என்னை நம்பி எதற்கும் அனுப்ப முடியாது. கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி பஜாருக்குப் புளி வாங்கப் போனால், லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குவதை வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன். டீச்சர் சொன்னதன்பேரில் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஎச்டி என்று சொல்லி, காலையில் சாப்பிட்டதும் போட ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர்.

சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு எதையும் தானே சோதித்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். வேலை முடிந்து சாயங்காலம் வந்ததும், மூன்று சாமான்களின் பெயரைச் சொல்லி என்னைக் கடைக்கு விரட்டுவார். நான் ஒன்றோடு திரும்புவேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மனதில் நிற்க ஆரம்பித்திருந்தது; அதெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. போதாததற்கு மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை.

"பிள்ளை மெலிஞ்சதுதான் மிச்சம். இந்த மாசத்தோட நிறுத்திடலாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது. முழு வாய்ப்பாட்டையும் தடுமாறாமல் சொல்லும் சுகத்தை அப்போதுதான் கண்டிருந்தேன்.

காப்பாற்றியது ஒரு ஹர்த்தால். கிடங்கு அடைப்பு, அப்பா காலையிலேயே வீட்டில். பரீட்சை வைக்காமல் அவரால் இருக்க முடியுமா? கடைகளும் திறக்காததால் அக்கம்பக்கத்துக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கறிவேப்பிலை, எதிர்வீட்டிலிருந்து எங்கள் குடை, மாடி வீட்டுச் சேட்டனிடம் நாளைக்கு பஸ் ஓடுமா என்று ஒரு விசாரணை. மூன்றையும் முடித்து வந்து நின்றேன். நம்பாமல் மறுபடி அனுப்பினார். மறுபடியும் சரியாக வந்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரே வந்தார். மாத்திரையின் வேகம் சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும், அது இருக்கும்வரை கவனம் சிதறாது, அதனால்தான் கேட்டது மனதில் தங்குகிறது என்றார் டாக்டர். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்றும் விசாரித்தார்.

அப்பா மெதுவாகக் கேட்டார்: "சின்ன வயசுல எனக்கு இது கிடைச்சிருந்தா நானும் படிச்சிருப்பேனா டாக்டரே?"

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மாத்திரை எடுத்துக்கொடுக்கும் வேலையை அப்பா தன்னிடமே வைத்துக்கொண்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, கொடுத்துவிட்டுத்தான் கிடங்குக்குக் கிளம்புவார். சாப்பாட்டுத் தூக்கை, வீட்டுச் சாவியை, சில நாள் செருப்பைக்கூட மறந்து போகிற மனிதர், இதை மட்டும் ஒருநாளும் மறக்கவில்லை. இன்று நான் நாலு பேர் மதிக்கும் வேலையில் இருப்பது அவரால்தான். அதற்கு அவர் தினமும் எவ்வளவு பாடுபட்டார் என்பது அன்று எனக்குத் தெரியாது.