உழாத சீதனக் காணி

கச்சிமுகம்மது என் தங்கச்சி நஸீறாவின் புருஷன். நிந்தவூரில் அவனைப் போல இன்னொரு தொடைநடுங்கியை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போவான். மாடு முறைத்தால் பாதையை மாற்றுவான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டோடுதான். குடியிருந்த வீடும், மேற்கே இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் நஸீறாவின் சீதனம். காணி பாழானால் நான் அவனை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிடுவேன் என்று பயந்து, என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போவான். பொய் சொல்வானேன், நான் சொல்லக்கூடிய ஆள்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சைக்கிளில் வந்து மேட்டுக்காணிக்காரரைக் கூட்டினார். உழ வேண்டாம், எரிக்க வேண்டாம், அறுத்த பயிரின் பழைய தட்டைக்கு மேல் வைக்கோலைப் பரப்பி, கம்பால் குழி குத்திச் சோளன் போடுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தோம். ஒரே ஒரு கை உயர்ந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா, கச்சிமுகம்மது?" என்றேன்.

"ரெண்டு மாரியா உழுத மண்ணெல்லாம் மழைத் தண்ணியோட போகுது, மச்சான். இப்பிடியே போனா நஸீறாட காணியில கல்லுத்தான் மிஞ்சும். எனக்கு அதுதான் பயம்."

மாரிக்கு முன் எல்லோரும் ஒரே நாளில் காணிக்குத் தீ வைப்பது எங்கள் வழக்கம். என் காணி அவனுடையதை ஒட்டியது. காற்று அவன் பக்கம் வீசுவதைப் பார்த்தும் நெருப்புக்குச்சியைக் கிழித்தேன். அவனுடைய வைக்கோல் போனால் இந்தக் கூத்து முடியும் என்று நினைத்தேன். எல்லையில் அவன் ஈரச் சாக்கோடு நின்றான். தீ நெஞ்சளவு எழுந்து வந்தபோது எனக்கே பயம் பிடித்தது. ஓடிவிடு என்று கத்தினேன். சாகப்போகிறவனைப் போல அவன் வாய் கலிமா சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் கால் இடத்தைவிட்டு அசையவில்லை. அடித்து அடித்தே அணைத்தான். புருவம் கருகிவிட்டது. கருகிய சாக்கை உதறிவிட்டு வீட்டுக்குப் போனான்.

விதைத்த பிறகு இருபத்துநாலு நாள் மழை இல்லை. நான் உழுத காணி வெடித்தது, சோளன் சுருண்டது. கச்சிமுகம்மது தினமும் போய் வைக்கோலைத் தூக்கிப் பார்ப்பான். கறையான் வருமோ, வேர் அழுகுமோ என்று சோறும் இறங்காது அவனுக்கு. ஒருநாள் அவன் இல்லாத நேரம் நானும் அந்த வைக்கோலுக்குள் கையை விட்டேன். மண் குளிர்ந்து ஈரமாக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மாரியில் கதிர் கண்டது அவன் காணி மட்டும்தான்.

அடுத்த வருஷம் தீ வைக்கும் நாளுக்கு முன்பே பதினொரு பேர் அந்த முறையைக் கேட்டு அவனைத் தேடி வந்தார்கள். அவனோ கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

"ஏன்டா, சந்தோசமில்லையா?"

"போன வருசம் ஒரு வீட்டுக்குப் பயந்தன், மச்சான். நான் சொல்லி இவங்கட சோளன் செத்தா, பதினொரு வீட்டுப் புள்ளைகளும் என்னத்தத் தின்னும்?"

"பன்னிரண்டு எண்டு எண்ணிக்க. நானும் இம்முறை உழல்ல."

அவன் முகம் இன்னும் வெளுத்தது. பிறகு கையை நீட்டினான்.

"அப்ப அந்த நெருப்புப்பெட்டிய முதல்ல எனக்கிட்டத் தாங்க, மச்சான். நீங்க நெருப்பு வெச்ச அண்டைக்குக் காத்து எந்தப் பக்கமெண்டு எனக்கும் தெரியும்."

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.