எந்தப் பார்க்கலாம்?

கால்பந்து கிளப்பில் அவளுக்கு 'வாய்' என்று பெயர். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் பிரிவில் அவள் மொழிபெயர்ப்பாளர். ஏஜென்ட்டோடும் ஆட்டக்காரனோடும், சில சமயம் ஆட்டக்காரனின் மாமியாரோடும்கூட, கோச்சுக்காகப் பேசுகிறவள் அவள்தான். "வாய் எங்கய்யா?" என்று கோச் கத்தினால், "வாய் சாப்பிடப் போயிருக்கு சார்" என்று யாராவது பதில் கொடுப்பார்கள்.

அவள் வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா பஸ் கண்டக்டர். மகளுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்திருப்பதை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை. "பேசறதுக்கா சம்பளம் தர்றாங்க? அப்ப உங்கம்மாவுக்கு எவ்வளவு தரணும்!" என்பார். உள்ளே இருந்து பாத்திரம் ஒன்று சத்தமாக விழும்.

அவளுடைய வேலை பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில்தான். ஒரு திரை, ஒரு கால் குட்டையான மேசை, வாசலில் காயப்போட்ட ஜெர்சிகளின் ஈர வாடை. ஏஜென்ட்டுகள் அனுப்பும் வீடியோக்களை அங்கே உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். "இதுல எவனாவது பந்தைத் தவறவிட்டுப் பாத்திருக்கியா? எல்லாம் கல்யாண ஆல்பம். அழுத மூஞ்சியை எல்லாம் வெட்டி எடுத்திருப்பான்" என்பார் கோச். அதனால் முழு ஆட்டத்தையும் கேட்டு வாங்குவது அவள் பொறுப்பு. பிறகு வீடியோ அழைப்பில் ஆளைப் பிடித்து, என்ன காயம், பழைய கிளப் ஏன் விட்டது என்று பக்குவமாகக் கேட்க வேண்டும்.

அந்த சீசனில் வெளிநாட்டு ஆட்டக்காரனுக்கு ஒரே ஓர் இடம்தான் பாக்கி இருந்தது. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்க ஒருவன் வேண்டும். வீடியோ அனுப்பியவர்களில் ஒருவன் திரையின் மேல் விளிம்பில் தலை வெட்டுப்படும் அளவுக்கு உயரம். கோச் அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்தார். காயத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே அவன் முட்டியில் நடந்த அறுவை சிகிச்சையைச் சொல்லிவிட்டான். "அதற்குப் பிறகு யாரும் என்னை நேரில் பார்க்கவில்லை. முட்டி என்றதும் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள்" என்றான். அவள் அதை அப்படியே கோச்சிடம் சொன்னாள்.

கோச் தாடையைச் சொறிந்தார். "சரி, பார்க்கலாம்" என்றார்.

அவள் மொழிபெயர்த்தாள். நெட்டையனின் முகம் மலர்ந்தது. கையை ஆட்டிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தான். கோச் அடுத்த வீடியோவைப் போடச் சொன்னார். அவனைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம் அவள் கைபேசி அடித்தது. நெட்டையன்தான், சொந்தச் செலவில் வந்திருந்தான். "நான் விமான நிலையத்தில் நிற்கிறேன். எந்த வாசலுக்கு வர வேண்டும்?"

தான் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தாள். 'உங்களை நேரில் பார்ப்போம்.' அதைத்தான் சொல்லியிருந்தாள்.

அந்தச் சொல்லை அவள் அறியாதவளா? சிறுமியாக இருந்தபோது சைக்கிள் கேட்டாள். அப்பா "பார்க்கலாம்" என்றார். சைக்கிள் வரவே இல்லை. கல்லூரிக்குப் போகிறேன் என்றபோதும் அதே "பார்க்கலாம்"தான். ஆனால் மறுநாளே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பஸ் சீருடையைக் கழற்றாமலே கல்லூரி வாசலில் போய் நின்றார். ஒரே சொல், ஒரே ஆள், ஒரே குரல். கோச் சொன்னது சைக்கிள் பார்க்கலாம் என்று அவளுக்குத் தெரியாமலா போயிற்று? அல்லது திரையில் தெரிந்த அந்த முகத்துக்காகத் தெரியாதது போல இருந்துவிட்டாளா? எவ்வளவு தோண்டினாலும் பதில் கிடைக்கவில்லை.

கிளப்பின் காரைக் கேட்க வாய் வரவில்லை. பஸ்ஸில் போனாள். திரும்பும்போது ஏறிய பஸ்ஸில் அப்பாதான் கண்டக்டர்.

"யாரும்மா இது? லைட் கம்பத்தைப் பிடுங்கிட்டு வந்திருக்க?"

"கிளப்புக்கு வந்தவருப்பா."

"யார் வரச் சொன்னது?"

"நான்தான்ப்பா. தெரியாம."

அப்பா அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஏறு, ஏறு! படியில நிக்காத, உள்ள போ!" என்று குரல் கொடுத்தார்.

நெட்டையனிடம் உண்மையைச் சொன்னாள். கிளப் அவனை அழைக்கவில்லை, மொழிபெயர்த்த தன் தப்புதான் அவனை இங்கே கொண்டுவந்துவிட்டது என்றாள். அவன் பூட்ஸ் பையை மடியில் அணைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "வந்துவிட்டேனே. ஒரு தடவை பார்ப்பாரா?" என்று கேட்டான். பார்ப்பார் என்று நாக்கு நுனி வரை வந்தது. "தெரியாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அவள் அப்பாவைக் காட்டி, அவர் கத்துவதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்டான். பேச்சு மாறியதே போதும் என்று அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

கோச் அறையில் குதித்தார். "பார்க்கலாம்னா பார்க்கலாம்! வான்னா அர்த்தம்?"

"தப்பு என்னோடதுதான் சார்."

"வேலையை விட்டுட்டுப் போறியா?"

"போகச் சொன்னா போறேன். ஆனா அதுக்கு முன்னாடி அவரை ஒரு தடவை பாத்துடுங்க சார். பார்க்கலாம்னு சொன்னது நீங்கதானே?"

கோச் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உனக்குச் சரியாத்தான் பேர் வச்சிருக்கானுங்க. சாயங்காலம் பயிற்சி ஆட்டத்துல இறங்கட்டும். சொதப்பினான்னா ரெண்டு பேரும் ஒரே பஸ்ல கிளம்புங்க."

ஆட்டம் தொடங்கியது. நெட்டையன் பந்தை நன்றாகவே தட்டிப் பறித்தான். ஆனால் ஊமையாக நின்றான். தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவன் வாயால்தான் மற்றவர்களை நகர்த்த வேண்டும். வலது ஓரத்தில் நிற்பவனுக்கு மற்றவர்களைவிட நாலடி பின்தங்கி நிற்கும் பழக்கம். அவன் அங்கே நிற்கும்வரை எதிரணிக்காரன் யாரும் ஆஃப்சைடில் மாட்ட மாட்டான். அதைச் சொல்லிச் சொல்லியே கோச்சுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இப்போதும் அந்த ஓட்டை வழியாக ஒருவன் புகுந்து கோல் போட்டான். கோச் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பூட்ஸ் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

அடுத்த தடவை பந்து வந்தபோது மைதானமே அதிரும்படி ஒரு குரல் எழுந்தது.

"படியில நிக்காத! உள்ள போ! ஏறு, ஏறு!"

வலது ஓரத்தவன் பிறந்ததிலிருந்து பஸ்ஸில் போய் வந்தவன். யார் கத்தியது என்று யோசிப்பதற்குள் கால்கள் தாமாக முன்னே போய்விட்டன. மொத்த வரிசையும் கூடவே ஏறியது. துணை நடுவரின் கொடி உயர்ந்தது. ஆஃப்சைடு.

மைதானம் குலுங்கிச் சிரித்தது. "அண்ணே, எனக்கு ஒரு டிக்கெட்!" என்றான் கோல்கீப்பர். நெட்டையன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது வேலை. மறுபடியும் கத்தினான், மறுபடியும் வரிசை ஏறியது.

"யார் சொல்லிக் கொடுத்தது இதை?" என்றார் கோச்.

"எங்கப்பா சார்."

"உங்கப்பா எந்த டீமுக்குக் கோச்?"

"பஸ்ஸுக்கு சார்."

கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

கடைசியில் நெட்டையன் ஒரு பந்துக்காகச் சறுக்கி விழுந்தான். எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானது. எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு ஓடினான். கோச்சும் அந்த முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியதும் அவன் வியர்வை வழிய வந்து நின்றான்.

"பார்க்கலாம்" என்றார் கோச்.

நெட்டையன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மொழிபெயர்க்கவில்லை. கோச்சைப் பார்த்தாள்.

"சார், எந்தப் பார்க்கலாம்?"

"என்ன?"

"எங்க வீட்டுல ரெண்டு இருக்கு சார். ஒண்ணு வேண்டாம்னு அர்த்தம். இன்னொண்ணு நாளைக்கே கிளம்பிப் போறது."

கோச் அவளை முறைத்தார். பிறகு மைதானத்தை ஒரு முறை பார்த்தார். வலது ஓரத்தவன் "படியில நிக்காத" என்று நெட்டையனைப் போலவே கத்திக் காட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. முட்டி சரியா இருந்தா கையெழுத்து. ரெண்டாவது பார்க்கலாம். போதுமா?"

அவள் நெட்டையன் பக்கம் திரும்பினாள். கோச் சொன்னதை ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். 'சரியாக இருந்தால்' என்பதை இரண்டு தடவை சொன்னாள். அவன் இரண்டு தடவையும் தலையாட்டினான். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டான்.