அத்தை வீட்டு வாசல்

பள்ளியில் புவியியல் சொல்லித்தரும் முன்பே எங்கள் ஊரின் எல்லைகள் எனக்குத் தெரியும். தெற்கே அடையாறு. வடக்கே ராஜா அண்ணாமலைபுரத்துப் பெரிய வீடுகளின் மதில். கிழக்கே பாலம். மேற்கே சாக்கடை வந்து ஆற்றில் விழும் குழாய். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எங்களை ‘ஆத்தோரம்’ என்றார்கள். நாங்கள் ஊர் என்றோம். வரலாறும் கொஞ்சம் உண்டு. எந்த வெள்ளத்தில் யார் வீடு போனது என்பதுதான் அது. அதிலும் ஆளுக்கொரு கதை.

ஆடியில் கரகம் வீடு வீடாகப் போகும். கரகம் எடுத்தவர் வாசலில் வந்து நிற்க, அந்த வீட்டுக்காரர்கள் மஞ்சள் தண்ணீரால் அவர் காலைக் கழுவ வேண்டும். ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றாத வாசலுக்கு அம்மன் அப்புறம் வரவே மாட்டாள் என்பது ஊர்க்கட்டு.

அந்த வருஷம் கரகம் எடுத்தவர் சித்தப்பா. ஆற்றை ஒட்டிய வரிசையை அதற்கு முன்பே இடித்து, அங்கிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களெல்லாம் காலையிலேயே குடத்தோடு வந்து, அவரவர் வீடு இருந்த இடத்தில் நின்றுகொண்டார்கள். அத்தையை மட்டும் காணோம். அவள் இடத்தில் செங்கல் தூளும் எருக்கஞ்செடியும்தான் இருந்தன. சித்தப்பா அதன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

“நடப்பா, வெயிலு ஏறுது” என்றார் பம்பைக்காரர்.

“அக்கா வந்துகினு கீது. பஸ்சு மத்திய கைலாஷ்ல மாட்டிக்கிச்சாம்.”

கரகத்தை இறக்கி வைக்கக் கூடாது. மண் கொதித்தது. எனக்கோ பசி. கோயிலில் கூழும் கருவாட்டுக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. அம்மன் மீது கோபப்பட முடியாததால் அத்தை மீது கோபப்பட்டேன். வீடே இல்லாதவளுக்கு வாசல் போனால் என்ன?

ஒருவழியாக அத்தை பாலத்திலிருந்து ஓடி வந்தாள். வெறுங்கை.

“கொடத்த பஸ்லயே வுட்டுட்டேன் அண்ணி.”

குழாயடிச் சண்டையில் அவளோடு பேச்சையே விட்டிருந்த அம்மா, எங்கள் வாசலுக்கென்று வைத்திருந்த குடத்தை எடுத்து வந்து அவள் இடுப்பில் வைத்தாள்.

“மொதல்ல ஊத்து. அப்பால அழுவலாம்.”

அத்தை நேராகச் சித்தப்பாவிடம் போகவில்லை. செடியைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கிருந்து குடத்தோடு நடந்து வந்து, தலையைக் குனிந்து, காலைத் தூக்கி வைத்து, இல்லாத நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தாள். அவள் வீட்டு நிலை ரொம்பத் தாழ்வு. பிறகுதான் தண்ணீரை ஊற்றினாள். பம்பை மறுபடி முழங்கியது.

வெட்டவெளியில் குனிந்து வந்த அத்தையைப் பார்த்து நான் கைகொட்டிச் சிரித்துவிட்டேன். சாமி முன்னால் சிரித்தால் முதுகில் ஒன்று விழும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், அம்மா இன்னும் இடிபடாமல் நின்ற எங்கள் வீட்டு நிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற நிலையில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.