மரவள்ளிப் பசையும் ஒரு பச்சை மூலையும்

இன்று என் வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு!

அவர் காலமாகி, மகனும் ஜொகூருக்கு வேலைக்குப் போன பிறகு, இந்தத் தோட்டத்து வீட்டில் நான் மட்டும்தான். பேச்சுத் துணைக்குச் சாமி மேடையில் அம்மன் (கேட்பாள், பதில் சொல்ல மாட்டாள்!).

போன வாரம் பகாவ் பசாரில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கும்போது ஃபுன்மியைப் பார்த்தேன். நைஜீரியாக்காரர், கணவரின் வேலைக்காக வந்தவர். கட்டியிருந்த நீலத் துணியில் வெள்ளைப் பறவைகள்.

மெழுகால் வரைந்து சாயம் போடும் நம்ம ஊர் பாத்தேக்கா என்று கேட்டேன். இல்லையாம்! கிழங்கு மாவைப் பசையாகக் காய்ச்சி, கோழி இறகால் வரைந்து, அவுரிச் சாயத்தில் முக்குவார்களாம். பசை இருந்த இடம் வெள்ளையாக நிற்குமாம்.

"வீட்டுக்கு வாங்களேன், சொல்லிக் குடுங்க." வாய் கேட்டுவிட்டது. வருவாரா என்று மனசு ஒரு வாரமாக அடித்துக்கொண்டது.

வந்துவிட்டார், மூடி போட்ட வாளியில் சாயத்தோடு!

(பேசியது பாதி மலாய், பாதி இங்கிலீஷ். பசாரில் பழகிய 'அக்கா' மட்டும் தமிழ்.)

அளந்து உலை வைக்கும் நான், இன்று அளக்காமல் அரிசி போட்டேன்.

வெள்ளைத் துணியை விரித்ததும் என் கை தானாக மூலையில் மஞ்சள் தடவிவிட்டது.

"அக்கா! சாயம் போடுறதுக்கு முன்னாடியே கறையாக்கிட்டீங்களே!"

"கறை இல்ல லா, மஞ்ச. புதுத்துணிக்கு வைக்காம கட்ட மாட்டோம்."

"அப்ப எனக்கு யாரும் வைக்கலியே!" என்று தன் முந்தியை நீட்டினார். வைத்தேன்.

வரைந்த பசை காயும்வரை சாப்பிட்டோம். பிறகு முக்கினோம். துணி பச்சையாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் நீலமானது. மஞ்சள் வைத்த மூலை மட்டும் பச்சையாகவே நின்றது!

ஆசையாக மகனுக்கு வீடியோ கால் போட்டேன். "சூப்பர்மா. மீட்டிங் லா, அப்புறம் கூப்புடுறேன்."

ஃபுன்மி கை கழுவிக்கொண்டே கேட்டார். "அக்கா, இந்த வெளிர்நீலம் போதுமா? போதும்னா பசையச் சுரண்டி இன்னிக்கே முடிச்சிடலாம். கறுநீலம்னா திரும்பத் திரும்ப முக்கணும், நான் அடுத்த வாரமும் வரணும், அதுக்கடுத்த வாரமும் வரணும்."

எங்கள் வீட்டில் கறுப்புச் சாயல் உள்ள எதையும் யாரும் கட்டியதே இல்லை. எனக்குப் பிடித்ததும் வெளிர்நீலம்தான்.

"கறுநீலம்தான் வேணும்" என்றேன்.

அம்மன் மன்னிப்பாள்தானே?