வெள்ளை மயில்துத்தம்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்துவந்தார். சேக்காட்டில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். மற்றவர்களின் மாமாக்கள் மிக்சர் வாங்கிவருவார்கள். இவர் ஒருநாள் காகிதப் பொட்டலத்தில் மயில்துத்தம் என்ற காப்பர் சல்பேட் கொண்டுவந்தார். அப்போது நான் ஏழாம் வகுப்பு.

பழைய எவர்சில்வர் மூடி ஒன்றில் அந்த நீலக் கற்களை நுணுக்கிப் போட்டு அடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஆவி கிளம்பியது. நீலம் வெளுத்துக் கோலமாவு மாதிரி ஆனது. ஆறியதும் மூடியை என் உள்ளங்கையில் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். நீலம் திரும்பி வந்தது. கூடவே சுட்டது. பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

“அடுப்புல சூட்ட வாங்கிகினு தண்ணிய வுட்டுச்சு. இப்ப தண்ணிய வாங்கிகினு சூட்ட வுடுது. எத்தினி தபா வேணா மாத்தலாம்,” என்றார். “ஆனா விஷம். நான் இல்லாதப்ப தொடாத,” என்றும் சொன்னார். முதலில் சொன்னது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

என் வகுப்பில் ஒருத்தி எலுமிச்சம்பழத்தை வைத்துக் குட்டி பல்பு எரியவைத்துப் பெயர் வாங்கியிருந்தாள். அவளை வெல்ல வேண்டும். சனிக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் மிச்சமிருந்ததை எல்லாம் நானே வறுத்தேன். ஈரம் பட்டால் நீலமாகிவிடுமே. இறுக்கமான மூடி உள்ள டப்பா ஒன்று வேண்டும். காலியான உப்பு டப்பா கிடைத்தது. அதில் கொட்டி, அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில் பருப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கு எடுத்துப்போவதாகத் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடியிலிருந்து பெண்வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை என் மாமாதான். பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும் சோபாவில் உட்கார்ந்தார்கள். மாமாவுக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. காலையிலிருந்து மூன்று முறை சட்டை மாற்றியிருந்தார்.

அம்மா எலுமிச்சை ஜூஸ் கலந்தாள். பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் அவருக்கு மட்டும் உப்பு. கையிலிருந்த உப்பு டப்பா காலி. அலமாரியில் துழாவியபோது பின்னால் இன்னொன்று அகப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்பூன் போட்டு, கலக்காமல் ஸ்பூனோடு எடுத்துவந்து நீட்டினாள். விருந்தாளி என்பதால் கண்ணாடி டம்ளர். எங்கள் வழக்கமான எவர்சில்வர் டம்ளராக இருந்திருந்தால் நிறம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அவர் கலக்கினார். அடியிலிருந்து நீலம் சுருள்சுருளாக ஏறியது.

“இன்னாம்மா, ஜூஸு நீலமா கீது? புது மாதிரியா?” என்று சிரித்துக்கொண்டே டம்ளரை வாயருகே கொண்டுபோனார்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா எதிர்நாற்காலியிலிருந்து பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். டம்ளர் தரையில் உடைந்தது. பெரியவருடைய வெள்ளை வேட்டி முழுக்க நீலம்.

“குடிச்சீங்களா? ஒரு சொட்டாவது உள்ள போச்சா?”

“இல்ல தம்பி. இன்னாது அது?”

மாமா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “பட்டறையிலர்ந்து எடுத்தாந்த மயில்துத்தம் சார். நான்தான் அந்த டப்பாவுல வச்சேன். அக்காவுக்குத் தெரியாது. என் தப்புதான்,” என்றார்.

பெரியவர் சத்தம் போடவில்லை. எழுந்து நின்று, “விஷத்த உப்பு டப்பாவுலயா தம்பி வைப்பாங்க? பசங்க இருக்கிற ஊடாச்சே,” என்று மட்டும் கேட்டார். மாமா உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். பெரியம்மா முறுக்குத் தட்டைத் தொடாமலே செருப்பு போட்டுக்கொண்டாள்.

அவர்கள் போனதும் அம்மா சமையலறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் திறந்து கொட்டிக் கழுவினாள். மாமா என் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். திங்கட்கிழமைக்கு இனி ஒன்றும் இல்லையே என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். நடந்ததை நினைத்து அழுகிறேன் என்று நினைத்து, “வுடு, நீ வேணும்னா செஞ்ச?” என்று என் முதுகைத் தட்டினார். நானும் மறுக்கவில்லை.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாளாம், இப்போதைக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாமாம். அம்மா போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். படிப்பென்றால் நல்ல விஷயம் என்றுதானே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்?

“அவங்க படிக்கப் போறாங்களாமே மாமா. சூப்பர்ல?” என்றேன்.

“ஆமா, நல்லா படிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, மாமா குனிந்து, ஏற்கெனவே மாட்டியிருந்த செருப்பின் வாரை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தார். வார் அறுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.