ஒன்பது இருபதுக்கே வந்துவிட்ட கடல்

என் வீட்டுக்காரர் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கிய முதல் நாள், அவர் இடுப்பிலிருந்து வந்த கயிற்றை நான் டிபன் கேரியரில் கட்டிவைத்தேன். என் மாமியார் வீட்டில் இதை இன்னும் யாரும் மறக்கவில்லை. அவர்கள் கை கால் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சு வார்த்துக்கொண்டிருந்தார். களிமண் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றால், உள்ளே விழுந்த எதையும் மூழ்கி எடுத்துவிடுவார். இதைக் கேள்விப்பட்ட கடலூர் காண்டிராக்டர் ஒருவர், ஆற்று முகத்துவாரத்தில் பதித்த குழாயைப் பார்க்க ஆள் வேண்டுமென்று கூப்பிட்டு ஒரு மாதம் பழக்கினார். இவரும் பட்டறை மேஸ்திரியிடம் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு வேலையை விட்டார். சோதனைக்காகக் குழாயில் கட்டிவைத்திருந்த சிவப்புத் துணியை எடுத்துவந்தால் புது வேலை நிச்சயம். இல்லையென்றால் அதே மேஸ்திரி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டும்.

காண்டிராக்டர் ஒரு சீட்டு கொடுத்தார். ஏத்தம் 9.20 என்று எழுதியிருந்தது.

"ஏத்தம்னா கடல் தண்ணி ஏறி முடியுற நேரம். முடிச்சதும் கொஞ்ச நேரம் அசையாம நிக்கும். அதுக்குள்ள எறங்கி ஏறிடணும். அப்புறம் வத்த ஆரம்பிச்சா கடலுக்கு இழுத்துனு போயிடும்" என்று சொல்லிவிட்டு எங்கோ போனார். கயிறு பிடிக்கவேண்டிய ஆள் வரவில்லை. வேடிக்கை பார்க்கப் போன என் கையில் கயிறு வந்தது. நான் ஒரு முறை இழுத்தால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். அவர் இரண்டு முறை இழுத்தால் 'நல்லா இருக்கேன்'.

நாங்கள் ஜங்ஷன் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பாசஞ்சர் ரயில் ஆறு பத்துக்கு என்றால் ஆறரைக்குத்தான் உலை வைப்போம்; அப்படியும் ரயிலைப் பிடித்துவிடுவோம்.

"ஒன்பது இருபதுன்னு போட்டா ஒன்பது இருபதுக்கே வந்துடுமாங்க? எப்படியும் பத்து ஆவும். உக்காந்து சாப்புடுங்க" என்றேன்.

"அதுவும் சரிதான் புள்ள" என்று ஆறு இட்லி சாப்பிட்டார். ஒன்பது இருபதுக்குத் தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வரல" என்றார்.

பத்து மணிக்கு இறங்கினார். டீக்காரர் சைக்கிளில் வந்தார். ஒரு நிமிடம்தானே என்று கயிற்றை டிபன் கேரியரில் கட்டிவிட்டு கிளாஸை வாங்கினேன்.

டிபன் கேரியர் ஒரு சாண் நகர்ந்தது. நாய் இழுக்கிறதென்று "சூ" என்றேன். நாயைக் காணோம். டிபன் கேரியர் மணலில் கோடு போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து ஓடியது.

ஐயோ! பாய்ந்து பிடித்தேன். கயிற்றை ஒரு முறை இழுத்தேன். பதில் இல்லை. இன்னொரு முறை. ஒன்றுமில்லை. வேலையாவது மண்ணாவது, ஆள் வந்தால் போதும் என்று இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டு அலறினேன். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள்.

"இன்னாம்மா, பெரிய மீனா?"

"எங்க வூட்டுக்காருங்க!"

ஏழெட்டுப் பேர் வலை இழுப்பது போல இழுத்தோம். முதலில் சிலிண்டர் தெரிந்தது. அப்புறம் மனிதர், முதுகு முன்னால் வர, கையில் சிவப்புத் துணியோடு வந்தார்.

"ஏங்க பதில் சொல்லல?"

"ரெண்டு கையாலயும் கொழாயப் புடிச்சித் தொங்குறேன். எந்தக் கையால இழுக்குறது?"

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அழுகை வந்துவிட்டது.

காண்டிராக்டர் வந்து துணியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வேல உண்டு. நாளைக்குப் பத்தேகாலுக்கு ஏத்தம். கயிற மட்டும் இந்தம்மா கையில குடுக்காத" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "பாத்தீங்களா! இன்னைக்கு ஒன்பது இருபது, நாளைக்குப் பத்தேகால். அதுவும் லேட்டாதானே வருது?"

"தெனமும் லேட்டுதாம்மா. ஆனா எவ்ளோ லேட்டுன்னு முன்னாடியே சொல்லிட்டு வரும்."

அன்று பாசஞ்சர் சொல்லாமலேயே ஒன்றரை மணி நேரம் லேட். பிறந்ததிலிருந்து முதல்முறையாக நான் ரயில்வேக்காரர்களைத் திட்டவில்லை. அவர் ஸ்டேஷன் பெஞ்சில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மூச்சு வருகிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். பிறகும் மனசு கேட்கவில்லை. சட்டை நுனியைப் பிடித்து ஒரு முறை இழுத்தேன்.

கண்ணைத் திறக்காமலேயே, என் முந்தானையை இரண்டு முறை இழுத்தார்.